தழும்பை மறைக்காத கெய்ரோ நூதனசாலை

கெய்ரோவின் பாப் அல்-கல்க் பகுதியில் உள்ள இஸ்லாமியக் கலை நூதனசாலைக்குப் போனபோது, நான் முதலில் தேடியது பள்ளிவாசல் விளக்குகளைத்தான். அவை 14ஆம் நூற்றாண்டில், மம்லூக் சுல்தான்களின் காலத்தில் செய்யப்பட்டவை. கண்ணாடியின் மேல் பொன்னும் வண்ண எனாமலும் தீட்டிச் சூளையில் சுட்டிருக்கிறார்கள். பல விளக்குகளில் ஒளியைப் பற்றிய திருக்குர்ஆன் வசனம் எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே திரி எரியும்போது அந்த எழுத்துகளும் சேர்ந்து ஒளிரும்.

இந்த நூதனசாலைக் கட்டடம் 1903இல் திறக்கப்பட்டது. 2014 ஜனவரி 24 காலை, வீதியின் மறுபக்கத்தில் இருந்த பொலிஸ் தலைமையகத்தை இலக்குவைத்து வாகனக் குண்டு வெடித்தது. குறைந்தது நால்வர் கொல்லப்பட்டனர். வெடிப்பின் அதிர்வில் நூதனசாலையின் முகப்பு சிதைந்தது. விளக்குகள் சில நொறுங்கின. மொத்தம் 179 பொருட்கள் சேதமடைந்தன. அதே கட்டடத்தில் இயங்கிய தேசிய நூலகப் பிரிவின் கையெழுத்துப் பிரதிகளும் தப்பவில்லை.

யுனெஸ்கோவும் ஐக்கிய அரபு இராச்சியம் உட்படச் சில நாடுகளும் உதவின. 2017 ஜனவரியில் நூதனசாலை மீளத் திறந்தபோது 160 பொருட்கள் திருத்தப்பட்டிருந்தன. திருத்திய பொருட்கள் தெரியும்படி அவற்றுக்குப் பொன்னிற அட்டை வைத்தார்கள். உடைந்ததை ஒட்டியதோடு, அது உடைக்கப்பட்டது என்பதையும் பார்வையாளருக்குச் சொன்னார்கள்.

அங்கே நின்றபோது யாழ்ப்பாணப் பொது நூலகம் நினைவுக்கு வந்தது. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பின்னாளில் அந்தக் கட்டடத்தைத் திருத்தியபோது, எரிந்த சுவரை அப்படியே சாட்சியாக விட வேண்டும் என்று எங்களில் ஒரு பகுதியினர் கேட்டனர். பிள்ளைகளுக்குப் படிக்க நூலகம் வேண்டும் என்றனர் மற்றவர்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. திருத்திய பொருளையும் அதன் காயத்தையும் ஒன்றாகவே வைக்கலாம் என்பதைக் கெய்ரோவில் கண்டேன்.

எங்கள் வீட்டில் அம்மா இடப்பெயர்வு முழுக்கக் கொண்டு திரிந்த தையல் மெசின் ஒன்று இருக்கிறது. செல் சிதறல் பட்ட ஓட்டையை அண்ணா அடைத்துப் பெயின்ற் அடித்துவிட்டார். மெசின் இன்றும் தைக்கிறது. ஊர் திரும்பியதும் அம்மாவிடம் இடத்தையும் திகதியையும் கேட்டு, ஒரு துண்டில் எழுதி அந்த ஓட்டை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பொருள் இருக்கும். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.