அல்மான்சிலுக்குப் போன நீல ஓடுகள்

லிஸ்பன் பட்டறையில் களிமண்ணைத் தட்டி, சுமார் 14 சென்டிமீட்டர் சதுரமாக அறுத்து, காயவைத்துச் சூளையில் அடுக்கினார்கள். வெந்து வந்தது வெறும் மண் வில்லைதான். போர்ச்சுகலின் தென்கோடியான அல்கார்வ் பகுதியில், அல்மான்சில் ஊர்ப் புனித லாரன்ஸ் பங்குக் கோயிலின் சுவருக்கு அது போய்ச் சேருமுன் இன்னும் பல கைகள் மாற வேண்டியிருந்தது.

வில்லையை ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழம்பில் தோய்த்தெடுப்பார்கள். ஈரத்தை மண் உறிஞ்சிவிட, மேலே வெள்ளைப் பொடியாய் ஒரு படலம் நிற்கும். அதன் மேல்தான் ஓவியம். பெரிய தாளில் வரைந்த படத்தின் கோடுகளை ஊசியால் துளைத்து, ஓடுகளின் மேல் விரித்து, கரித்தூள் பொதியால் தட்டுவார்கள். அச்சுத் தகட்டில் கோலம் போடுவதுபோலப் புள்ளிப் புள்ளியாய் உருவம் இறங்கும். பிறகு கோபால்ட் தோய்ந்த தூரிகை. தொட்ட கணமே படலம் உறிஞ்சிக்கொள்வதால் அழித்துத் திருத்த வழியில்லை. வரையும்போது மங்கிக் கிடக்கும் நிறம், ஏறத்தாழ 1000 டிகிரி சூட்டில் மறுபடி வெந்த பிறகே நீலமாகிறது. அதாவது ஓவியர் தாம் காணாத நிறத்தில் வரைகிறார். நிழல் எவ்வளவு, ஒளி எவ்வளவு என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் இருக்க வேண்டும்.

ஏன் நீலமும் வெள்ளையும்? போர்ச்சுகீசியக் கப்பல்கள் கொண்டுவந்த சீனப் பீங்கானின் மோகம் ஐரோப்பாவையே பிடித்திருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லிஸ்பன் செல்வர்கள் ஹாலந்திலிருந்து நீல ஓடுகளை வரவழைத்தார்கள். அடுத்து வந்த உள்ளூர் ஓவியர்கள் அந்தச் சந்தையைத் தம் பக்கம் திருப்பினார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர் அந்தோனியு தி ஒலிவெய்ரா பெர்னார்தெஷ். அவருடைய மகன் பொலிகார்ப்பு அல்மான்சில் வேலையில் தம் பெயரையும் 1730 என்ற ஆண்டையும் எழுதிவைத்திருக்கிறார்.

தனித்து எடுத்தால் ஓர் ஓட்டில் ஒன்றுமில்லை. ஒரு மடிப்பு, அரை விரல், கொஞ்சம் மேகம். அதனால் இத்தகைய ஓடுகளின் முதுகில் வரிசைக்கு ஓர் எழுத்தும் இடத்துக்கு ஓர் எண்ணும் குறித்து அனுப்புவார்கள். ஓவியர் கூட வரவேண்டியதில்லை. கொத்தனார் அந்தக் குறியைப் பார்த்துச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்.

வெளியே பார்த்தால் வெள்ளையடித்த எளிய கோயில். உள்ளே சுவர், மேல்வளைவு, பீடத்துக்கு மேலுள்ள குவிமாடம் எல்லாம் நீலம். நடுவே பொன்முலாம் பூசிய மரப்பீடம். சுவர்களில் கி.பி. 258-இல் உரோமையில் கொல்லப்பட்ட திருத்தொண்டர் லாரன்சின் கதை ஓடுகிறது. பார்வையற்ற இருவரைக் குணமாக்குகிறார், திருச்சபையின் செல்வத்தை ஏழைகளுக்குப் பங்கிடுகிறார், திருத்தந்தை சிக்ஸ்துஸைச் சந்திக்கிறார், இரும்புக் கட்டிலில் நெருப்பின்மேல் கிடக்கிறார். அந்தக் காட்சியில் வானதூதர் ஒருவர் அவருக்கு ஆறுதல் தருகிறார். தீயும் இங்கே நீலம்தான்.

என் கணிப்பில் குவிமாடமே இந்த வேலையின் உச்சம். கட்டடம் இன்னும் மேலே எழும்புவதாகக் கண்ணை மயக்கும் தூண்களும் விளிம்புகளும் அங்கே வரையப்பட்டிருக்கின்றன. தட்டையான சதுரங்களில், பட்டறையில் இருந்தபடி, தலைக்கு மேலே குழிந்து நிற்கப்போகும் ஒரு பரப்புக்காகக் கோடிழுக்க வேண்டும். வளைவில் கோடு ஒரு விரற்கடை பிசகினாலும் மயக்கம் கலைந்துவிடும். இதை ஒரு கிராமத்துப் பங்குக்காகச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்கையில் எனக்கு நெஞ்சு நிறைகிறது. தலைநகரின் தேர்ந்த கையைத்தான் அழைக்க வேண்டும் என்று இந்தச் சிற்றூர் முடிவெடுத்திருக்கிறது.

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. நிலநடுக்கத்தில் லிஸ்பன் சரிந்தது. அல்கார்வும் கடுமையாக அடிபட்டது. அல்மான்சில் கோயிலின் மேல்வளைவிலிருந்து ஐந்தே ஓடுகள் விழுந்ததாகச் சொல்கிறார்கள். இடிந்த தலைநகரை விரைந்து கட்ட வேண்டியிருந்ததால், ஒரே பூவேலை திரும்பத் திரும்ப வரும் மலிவான ஓடுகளுக்கே பட்டறைகளில் கிராக்கி கூடியது. ஒரு புனிதரின் வாழ்வைச் சுவர் சுவராகச் சொல்லும் வேலைகள் மெல்லக் குறைந்தன.