தெளிந்த தண்ணீர் சொன்ன கதை

ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கார் ஓடினால் கிலார்னி மாகாணப் பூங்காவை அடையலாம். அங்கே போகிற நம்மவர்களில் பலர் ஒன்றில் வள்ளம் வலித்துவிட்டு வருவார்கள், இல்லையேல் மலையேறிவிட்டு வருவார்கள். சென்ற கோடையில் நாங்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் செய்தோம். ஜோர்ஜ் ஏரியில் வள்ளங்களை இறக்கி, ஃபிறீலண்ட் ஏரியைக் கடந்து, கிலார்னி ஏரி வரை வலித்தோம். ஓர் ஏரிக்கும் மற்றதற்கும் இடையே வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் 'கிராக்' என்னும் வெண்பாறை உச்சிக்கு ஏறினோம்.

கனூ வள்ளமும் கால்நடையும் சேர்ந்த இந்தப் பயணம் அங்கே புதிதல்ல. அனிஷினாபே மக்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் பயணம் செய்தார்கள். கிலார்னி ஊரின் பழைய பெயர் செபஹோனானிங். வள்ளம் செல்லும் வழி என்பது அதன் பொருள். 1820இல் அங்கே ஒரு தோல் வணிக நிலையம் எழுந்தது. ஆனால் நெடுஞ்சாலை அந்த ஊரைத் தொட்டது 1962இல்தான். அதுவரை தண்ணீரே தெரு.

உச்சியில் நின்று பார்த்தால் வெள்ளைக் குன்றுகளுக்கு நடுவே நீல நிறத்தில் ஓர் ஏரி தெரியும். அதன் பெயர் ஓ.எஸ்.ஏ. ஏரி. முன்பு அது ட்ரவுட் ஏரி. 'ஏழுவர் குழு' என்று கனடா கொண்டாடும் ஓவியர்களில் ஒருவரான ஏ. வை. ஜாக்சன் இந்தப் பகுதியில் படம் வரைந்தவர். அந்த ஏரிக்கரை மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று அறிந்ததும், 1931இல் அவர் அரசுக்குக் கடிதம் எழுதினார். ஒன்ராறியோ ஓவியர் சங்கமும் சேர்ந்து குரல் கொடுத்தது. மரங்கள் தப்பின. அந்தச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே ஏரிக்குப் பெயராயின. 1964இல் இந்தப் பகுதி மாகாணப் பூங்காவாயிற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! வள்ளத்திலிருந்து எட்டிப் பார்த்தபோது அடியில் கிடந்த கற்களை எண்ண முடிந்தது. "என்ன சுத்தமான தண்ணி!" என்று நாங்கள் வியந்தோம். எங்களில் ஒரு தம்பி மட்டும், "அண்ணா, ஒரு மீனையும் காணேல்லையே?" என்றான். நாங்கள் சிரித்துவிட்டோம். வீடு திரும்பி வாசித்தபோதுதான் அவன் சரியான கேள்வியைக் கேட்டிருந்தான் என்று புரிந்தது.

வடகிழக்கே சட்பரியில் நிக்கலும் செம்பும் உருக்குகிறார்கள். அந்தத் தாதுவில் கந்தகம் உண்டு. அதன் புகை மழையோடு கலந்து அமிலமாக இறங்கியது. கிலார்னியின் வெண்பாறையில் அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்புத் தன்மை மிகக் குறைவு. ஆகவே ஏரிகள் புளித்தன. 1960களில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஹரல்ட் ஹார்வி, கிலார்னியின் லம்ஸ்டன் ஏரியில் ஆயிரக்கணக்கான சால்மன் குஞ்சுகளை விட்டார். அடுத்த ஆண்டு தேடியபோது ஒன்றும் இல்லை. அமிலத்தால் நீரைக் கலங்கலாக்கும் தாவரச் சாறுகள் குறைந்ததும் அந்தக் கண்ணாடித் தெளிவுக்கு ஒரு காரணம். நாங்கள் வியந்த அழகில் ஒரு பங்கு நோயின் அடையாளம்.

1972இல் சட்பரியில் 381 மீற்றர் உயரப் புகைபோக்கி இயங்கத் தொடங்கியது. நகரத்தின் காற்று தேறியது, ஆனால் புகை இன்னும் தூரம் போனது. உயரே அனுப்பினால் போதாது, புகையையே குறைக்க வேண்டும் என்று விஞ்ஞானிகளும் பொதுமக்களும் தொடர்ந்து கேட்டார்கள். 1985இல் ஒன்ராறியோ அரசு கடுமையான வரம்புகளை விதித்தது. 1991இல் கனடாவும் அமெரிக்காவும் காற்றுத் தூய்மை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2020இல் அந்தப் புகைபோக்கியின் வேலையும் முடிந்தது. இன்று பல ஏரிகள் தேறிவருகின்றன, சிலவற்றில் மீன்கள் திரும்பியுள்ளன. எல்லா ஏரிகளும் இன்னும் தேறவில்லை.

ஜாக்சனின் கடிதம் கோடரியை நிறுத்தியது. வானத்திலிருந்து வந்த கேட்டை நிறுத்த வேறு பலருடைய உழைப்பு வேண்டியிருந்தது. பூங்கா என்று எல்லை போட்டால் மரம் தப்பும், மழைக்கு எல்லை தெரியாது.

வள்ளத்தில் மட்டும் போயிருந்தால் தெளிந்த தண்ணீரைக் கண்டு மகிழ்ந்து திரும்பியிருப்போம். மலையில் மட்டும் ஏறியிருந்தால் நீல ஏரியைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருப்போம். இரண்டையும் செய்ததால் கிட்டவும் பார்த்தோம், எட்டவும் பார்த்தோம். அடுத்த கோடையில் நீங்களும் போங்கள். தண்ணீரை ரசியுங்கள். மீனையும் தேடுங்கள்.