இயக்க முறைமைக் குறிகைகளும் செந்தர நிரலகங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்கு இயக்க முறைமை விடுக்கும் அறிவிப்பே சிக்னல் எனப்படும் குறிகை. கன்ட்ரோல், சி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓடும் நிரல் நிற்பது இதனாலேயே. குறிகை எந்தப் பணியின் நடுவிலும் வரலாம். அப்போது இயங்கும் செயற்கூறு கையாளி எனப்படும். கையாளி என்னென்ன செய்யலாம் என்னும் வினாவுக்கு நிரல்மொழிகளின் செந்தர நிரலகங்கள் அளித்த விடைகள் காலந்தோறும் மாறிவந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

யூனிக்ஸில் தோற்றம்

பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸின் முதற்பதிப்பில் (1971) வெவ்வேறு குறுக்கீடுகளுக்குத் தனித்தனி அழைப்புகள் இருந்தன. நான்காம் பதிப்பில் (1973) 'சிக்னல்' என்னும் பொது அழைப்பு இடம்பெற்றது. எனினும் ஏழாம் பதிப்பிலும் (1979) ஒரு குறை நீடித்தது. குறிகை ஒருமுறை வந்ததும் கையாளியின் பதிவு நீங்கிவிடும்; மீண்டும் பதிவுசெய்வதற்குள் அதே குறிகை வந்தால் நிரல் முடிந்துபோகக்கூடும். 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி, கையாளி இயங்கி முடியும்வரை அக்குறிகையைத் தடுத்துவைத்து இக்குறையைக் களைந்தது. 1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் செந்தரம் 'சிக்ஆக்சன்' அழைப்பின்வழி இம்முறையைப் பொதுமையாக்கியது.

சி மொழியின் வரையறை

1989ஆம் ஆண்டின் சி செந்தரம் ஆறு குறிகைகளை மட்டுமே வரையறுத்தது. எதிர்பாராமல் வரும் குறிகையின் கையாளி, அதற்கென அமைந்த சிறப்புவகை மாறியில் மதிப்பை இடுவதற்கு மேல் ஏறத்தாழ எதையும் செய்யலாகாது என்றது. நினைவக ஒதுக்கீட்டின் நடுவே குறிகை வந்து, கையாளியும் நினைவகம் கோருமாயின் பாதி மாறிய பட்டியல் சிதைந்துவிடும் என்பதே இத்தகைய கட்டுப்பாட்டின் தேவையை உணர்த்தும். ஆனால் இவ்விதியைக் காக்கும் பொறுப்பு நிரலரிடமே விடப்பட்டது.

பிந்தைய மொழிகள்

பைத்தான் அப்பொறுப்பை நிரலகத்திடம் மாற்றியது. உட்புறச் சிறு கையாளி ஓர் அடையாளத்தை மட்டும் இடுகிறது. நிரலர் எழுதிய கையாளி பின்னர் முதன்மை இழையில் இயங்குகிறது. நீண்ட உட்புறக் கணக்கீடு நடக்கும்போது கையாளி தாமதமாவது இதற்கான விலையாகும். 2012இல் முதற்பதிப்பு கண்ட கோ மொழியில், நிரலர் எழுதும் கையாளிக்கே இடமில்லை; குறிகை ஒரு சேனல் வழியே செய்தியாக வந்துசேர்கிறது.

விதி மீறலின் விளைவு

ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2006இல் சரிசெய்யப்பட்ட ஒரு பிழை, 2020இல் நிகழ்ந்த நிரல் மாற்றத்தால் மீண்டும் நுழைந்து 2024இல் வெளிப்பட்டது. உள்நுழைவுக்கான அவகாசம் முடிந்ததும் இயங்கிய கையாளி, நிகழ்வுப் பதிவுச் செயற்கூற்றை அழைத்தது. லினக்ஸில் அது நினைவக ஒதுக்கீட்டைத் தொட்டது. கடவுச்சொல் அறியாத ஒருவர் தொலைவிலிருந்தே கணினியை முழுமையாகக் கைப்பற்ற அது வழிவகுக்கக்கூடியதாயிருந்தது.

முடிவுரை

குறிகைக் கையாளுகையின் வரலாறு, கையாளியின் உரிமைகள் படிப்படியாகச் சுருங்கிய வரலாறாகும். அறிந்து திருத்திய பிழையே மீண்டும் நுழைந்தமை, ஆவணத்தில் எழுதிய விதி மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது. விதியை மீற இயலாதவாறு நிரலகத்தையே வடிவமைத்த மொழிகள், சிறிது தாமதத்தை ஏற்று இவ்வகைப் பிழைக்கான வாய்ப்பைப் பெரிதும் குறைத்துள்ளன.