கடை வாசலில் குழந்தைக்கு ஓர் இடம்

பிரிட்டனில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் கார் நிறுத்துமிடத்தில், வாசலுக்குப் பக்கமாகச் சில இடங்கள் மட்டும் மற்றவற்றைவிட அகலமாக இருக்கும். தரையில் ஒரு பெரியவர், ஒரு குழந்தை, ஒரு தள்ளுவண்டி என்று ஏதாவது படம் வரைந்திருப்பார்கள். சிறு குழந்தையோடு வருபவர்கள் மட்டும் அங்கே காரை நிறுத்தலாம் என்று அர்த்தம்.

தனியாக வரும் ஒருவர் அங்கே நிறுத்திவிட்டுப் போனால் என்ன ஆகும்? போலீஸ் வராது. ஏனென்றால், அப்படி ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று பிரிட்டனில் எந்தச் சட்டமும் கடையைக் கட்டாயப்படுத்தவில்லை. பிறகு அந்தப் படம் எப்படி அங்கே வந்தது? ஒரு பார்க்கிங் கோட்டுக்குப் போய் வரலாறா என்று தோன்றலாம். இருக்கிறது!

கவுண்டர் போய் டிராலி வந்தது

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் பிரிட்டனில் மளிகை வாங்குவது என்றால், கவுண்டருக்கு முன் வரிசையில் நின்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்குவதுதான். கடை தெருமுனையிலேயே இருக்கும். அம்மா நடந்தே போவார். குழந்தையைத் தள்ளுவண்டியோடு கடைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போவதும் அன்று சகஜம்.

1950ல் சைன்ஸ்பரிஸ் நிறுவனம் குராய்டனில் சுயசேவைக் கடையைத் திறந்தது. வேண்டியதை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததைச் சுமக்க, 1937லேயே அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடை முதலாளி அறிமுகப்படுத்திய டிராலி இருந்தது. 1963ல் பிரான்சில் கார்ஃபூர் நிறுவனம் 400 கார்கள் நிற்கும் இடத்தோடு ஒரு பிரம்மாண்டக் கடையைத் திறந்தது. 1972ல் அதே பெயரில் ஒரு கடை வேல்ஸில் உள்ள கேர்ஃபிலிக்கும் வந்தது.

இதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. ஊருக்கு வெளியே நிலம் மலிவு. கையில் கூடையோடு வருபவர் ஐந்தாறு பொருள் வாங்குவார். காரில் வருபவர் ஒரு வாரத்துக்கு வாங்குவார். பொருளை வீடுவரை கொண்டுசேர்க்கும் செலவும் கடைக்காரர் தலையிலிருந்து வாடிக்கையாளர் தலைக்கு மாறிவிட்டது. ஆனால் அம்மாவோ அப்பாவோ காரில் வந்தால், வீட்டில் விட ஆள் இல்லாத குழந்தையும் கூடவே வந்தாக வேண்டுமே!

சீட் பெல்ட் கொண்டுவந்த சிக்கல்

முன்பெல்லாம் குழந்தையைப் பின் சீட்டில் சும்மா உட்காரவைத்துக் கிளம்பிவிடுவார்கள். 1983 ஜனவரி 31 முதல் பிரிட்டனில் முன் சீட்டில் பெல்ட் கட்டாயமானது. 1989ல் பின் சீட்டில் உட்காரும் குழந்தைகளுக்கும் அந்த விதி வந்தது. 2006 செப்டம்பரிலிருந்து, 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்கு ஏற்ற தனி இருக்கை வேண்டும் என்று விதி இறுகியது.

சாலையில் உயிரைக் காக்கும் இந்த விதி கடை வாசலில் ஒரு சிக்கலை உண்டாக்கியது. பிரிட்டனில் ஒரு காருக்கான இடத்தின் வழக்கமான அகலம் 2.4 மீட்டர். காரின் அகலமே ஏறக்குறைய 1.8 மீட்டர். பக்கத்தில் இன்னொரு கார் நின்றால், நடுவில் மிஞ்சுவது 60 சென்டிமீட்டர்தான். அந்தச் சந்தில் கதவை முழுதாகத் திறந்து, குனிந்து, அழும் குழந்தையை இருக்கையில் வைத்து வார் மாட்ட வேண்டும். வரும்போது காலியாக இருந்த பக்கத்து இடத்தில், திரும்பி வரும்போது ஒரு கார் நின்றால் கதை முடிந்தது.

ஆக, குழந்தையோடு வருபவருக்கு முதலில் தேவைப்பட்டது அகலம். வாசலுக்குப் பக்கம் என்பது அதற்கு அடுத்ததுதான். பின்னோக்கி வரும் காரின் ஓட்டுநர் கண்ணுக்குச் சின்னக் குழந்தை தெரியாது என்பதால் அதுவும் தேவைதான்.

உரிமையும் உபசாரமும்

மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தின் கதை வேறு. ஆல்ஃப் மாரிஸ் என்ற எம்.பி. கொண்டுவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1971ல் ஆரஞ்சு அட்டை வந்தது. 2000ல் அது நீல அட்டையானது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கடைகளுக்கும் பொறுப்பு வைத்தது. அது உரிமை.

குழந்தைக்கான இடம் கடை செய்யும் உபசாரம். கைக்குழந்தை உள்ள வீட்டில் வாரா வாரம் பால் பவுடர், டயபர் என்று பில் நீளும். அந்த வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடக் கூடாது. அதற்காகச் சில கார்கள் குறைவாக நின்றாலும் பரவாயில்லை என்பது கடையின் கணக்கு. அதே கணக்குதான் கடையின் கையைக் கட்டியும் போடுகிறது. அந்த இடத்தில் தப்பாக நிறுத்துபவரும் வாடிக்கையாளர்தானே, அவரை எப்படி விரட்டுவது?

2012 அக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் கார் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவது தடைசெய்யப்பட்டது. மிஞ்சியது ஒப்பந்தச் சட்டம். பலகையில் எழுதியிருக்கும் நிபந்தனையைப் பார்த்துவிட்டுக் காரை நிறுத்தினால், அதை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். 2015ல், செல்ம்ஸ்ஃபோர்டு நகரில் இலவச நேரமான 2 மணியைத் தாண்டி நிறுத்திய ஒருவருக்கு விதித்த 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்று பிரிட்டனின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடை நினைத்தால் குழந்தைக்கான இடத்தையும் இதே வழியில் காக்கலாம். நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேறு இரண்டு வழிகள்

இத்தாலியில் இதை அரசே கையில் எடுத்தது. அங்கே பொதுச் சாலைகளில் இருந்த இளஞ்சிவப்பு இடங்கள் வெகுகாலம் வெறும் மரியாதையாகவே இருந்தன. 2021ல் சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும், 2 வயதுவரை குழந்தை உள்ள பெற்றோருக்கும் நகராட்சி அனுமதி அட்டை தரலாம். அட்டை இல்லாமல் நிறுத்தினால் அபராதம்.

தென்கொரியாவின் சியோல் நகரம் 2009ல் வேறு விதமாக ஆரம்பித்தது. பாவாடை அணிந்த பெண் உருவத்தோடு, பெண்களுக்கென்று இளஞ்சிவப்புக் கோடுகள் போட்டது. குழந்தையைத் தூக்கி வரும் அப்பா எங்கே நிறுத்துவது? 2023ல் அந்த இடங்களைக் குடும்பங்களுக்கான இடங்களாக நகர நிர்வாகம் மாற்றத் தொடங்கியது. கர்ப்பிணிகள், குழந்தையோடு வருபவர்கள், முதியவர்கள் எல்லோரும் அதில் அடக்கம்.

"பிள்ளை பெற்றது அவர்கள் விருப்பம், அதற்கு நான் ஏன் தூரத்தில் நிறுத்த வேண்டும்?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்கு நீல அட்டையும் இருக்காது, குழந்தையும் இருக்காது. அவருக்கு வேண்டியது வாசலுக்குப் பக்கம். குழந்தையோடு வருபவருக்கு வேண்டியது அகலம். கொஞ்சம் தள்ளி, கார் குறுக்கே வராத நடைபாதையோடு அகலமான இடங்களை அமைத்தால், இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி? காலியாக இருக்கும் அந்த அகலமான இடத்தைப் பார்த்தபடியே, தனியாக வந்த ஒருவர் இன்னும் பத்தடி தள்ளிப் போய்க் காரை நிறுத்த வேண்டும். அதற்குச் சட்டம் இருக்கும் ஊரும் உண்டு, இல்லாத ஊரும் உண்டு.