ஈழத்து யானைகளும் அவற்றின் வாழிடங்களும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம்மவரிடை வழங்கும் பழமொழி. உயிருள்ள யானை அரசர்க்குப் படையாகவும் பெருமையாகவும் விளங்கியது. இறந்த யானை தந்தத்தால் விலை பெற்றது. ஆயினும் ஈழநாட்டு வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு இப்பழமொழி எக்காலத்தும் ஒருபடித்தாய் உண்மையாயிருக்கவில்லை என்பது புலனாகும். ஒரு காலத்தில் இந்நாட்டு யானைக்குக் கடல் கடந்த அரசர்கள் பொன் கொடுத்தனர். பிறிதொரு காலத்தில் அதன் உயிர் சில சிலிங்குகளுக்கு விலைபோயிற்று. ஆட்சியாளர் யானையை எவ்வாறு மதித்தனரோ, அதற்கேற்பவே அதன் தொகையும் வாழிடமும் மாறி வந்துள்ளன. ஆசிய யானை அழிவை நோக்கும் விலங்கினங்களுள் ஒன்றென 1986ஆம் ஆண்டு தொட்டு உலகளாவிய பட்டியலிற் சேர்க்கப்பட்டிருக்கும் இந்நாளில், அந்த மாற்றங்களை முறையே ஆராய்தல் பயனுடைத்து.

முதற்கண் இவ்விலங்கின் இயல்பினைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். ஈழத்து யானை ஆசிய யானையின் ஒரு கிளையினம். இங்குள்ள ஆண் யானைகளுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைந்தவையே தந்தமுடையவை. வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோகிராம் புல்லும் தழையும் உண்ணும். பெண் யானை ஏறத்தாழ 22 திங்கள் கருவைச் சுமந்து ஒரு கன்றையே ஈனும். அடுத்த கன்றுக்கு நாலைந்து ஆண்டுகள் செல்லும். ஆகவே யானைக்கு வேண்டுவன இரண்டு: பரந்த நிலமும் நீண்ட காலமும். இவ்விரண்டும் சுருங்குமாயின் அதன் குலமும் சுருங்கும்.

ஈழத்து யானையின் புகழ் மிகப் பழமையானது. அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஒனெசிகிரிட்டஸ் என்பான், தப்பிரபேன் எனப்பட்ட இத்தீவின் யானைகள் இந்திய யானைகளினும் பெரியனவும் போருக்கு உகந்தனவும் ஆம் என்று கூறியதாக உரோமப் பேரறிஞர் பிளினி குறித்துள்ளார். இத்தீவினர் யானைகளைக் கலங்களில் ஏற்றிச் சென்று கலிங்க மன்னனுக்கு விற்றனர் என்பது ஏலியன் என்னும் ஆசிரியர் தரும் செய்தி. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பர்மிய அரசன் மீது படையெடுத்தமைக்கு, யானை வாணிகத்துக்கு அவ்வரசன் விளைத்த இடையூறும் ஒரு காரணம் என்று சூளவம்சம் கூறும். இரு நாடுகள் பொருதற்கு ஏதுவாகும் அளவுக்கு யானை அன்று அரசியற் பொருளாயிருந்தது.

யானையின் வாழிடத்தைப் பற்றிப் பலர் கொண்டுள்ள எண்ணம் ஒன்றை இங்கு திருத்திக்கொள்ளுதல் நன்று. யானை மனிதன் கால்படாத அடர்காட்டிலேயே வாழ்ந்தது என்பர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. வறண்ட வலயத்தில் அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய நகர்களைச் சூழ்ந்து எழுந்த குளங்களும் வயல்களும் 13ஆம் நூற்றாண்டின் பின்னர்க் கைவிடப்பட்டுக் காடுமண்டின. தூர்ந்த குளங்களில் நீரும், அவற்றின் கரைகளிற் புல்லும், பழைய வயல்களில் இளமரக்காடும் நிறைந்தன. எஞ்சிய சிற்றூர் மக்கள் காலபோகத்தில் மாரிமழையை நம்பிச் சேனை செய்தனர். அறுவடை முடிந்ததும் அந்நிலத்தைச் சில ஆண்டுகள் கிடக்கவிட்டு வேறிடம் பெயர்ந்தனர். விடப்பட்ட சேனையில் தளிர்த்த புல்லும் பற்றையும் கோடைக்காலத்தில் யானைக்கு உணவாயின. எனவே குளமும் சேனையும் காடும் கலந்த நிலமே யானையின் உண்மையான இல்லம். மனிதனும் யானையும் ஒரே நிலத்தைப் பருவம் மாற்றிப் பயன்படுத்தினர் என்று சொல்வது பொருந்தும்.

இத்தகைய நிலத்துக்கு வன்னிப் பெருநாடு சிறந்த எடுத்துக்காட்டாகும். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் கடனீரேரியின் ஆழமற்ற பகுதியைக் கடந்து குடாநாட்டுக்குக் கொணரப்பட்டன. அவ்வழியே ஆனையிறவு என இன்றும் பெயர் தாங்கி நிற்கின்றது. குடாநாட்டிலிருந்து அவை ஊர்காவற்றுறைக்குச் செலுத்தப்பட்டு மரக்கலங்களில் ஏற்றப்பட்டன. போர்த்துக்கேயர் அத்துறைக்கு யானைத்துறை எனப் பொருள்படும் பெயரைத் தம் மொழியில் இட்டனர். அதன் முதற்சொல்லே சிதைந்து ஆங்கிலத்தில் கயிற்ஸ் என வழங்கலாயிற்று. யாழ்ப்பாண மன்னரிடமிருந்து போர்த்துக்கேயர் பெற்ற திறைப்பொருள்களுள் யானையும் ஒன்று. 1619இல் அவர்கள் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின் இவ்வாணிகம் முற்றாக அவர்கள் கைக்கு வந்தது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட ஒல்லாந்தர் இதனை மேலும் ஒழுங்குபடுத்தினர். வன்னியர்கள் ஆண்டுதோறும் குறித்த தொகை யானைகளைத் திறையாக அளித்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தக் கொமாண்டராயிருந்த என்றிக் சுவார்தெக்குரோன் 1697இல் தமக்குப் பின் வருவோர்க்கு எழுதிவைத்த குறிப்புரையில், வன்னியர் யானைத்திறையில் நிலுவை வைத்திருந்தமை பற்றிப் பேசுகின்றார். தெற்கே மாத்தறைப் பகுதியிற் பிடிக்கப்பட்ட யானைகளும் கரையோரமாக நெடுந்தூரம் நடத்தப்பட்டு யாழ்ப்பாணத்தில் விற்கப்பட்டன. கொல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்து அவற்றை வாங்கினர். யானை பிடிக்கும் தொழிலில் வடக்கிலும் கிழக்கிலுமிருந்த முஸ்லிம் ஊர்களைச் சேர்ந்த பணிக்கர் பெரும் வல்லுநராயிருந்தனர். மான்தோலாலோ எருமைத்தோலாலோ திரித்த கயிற்றைச் சுருக்கிட்டு, யானையின் பின்னங்காலில் மாட்டி மரத்தோடு பிணித்தல் அவர்தம் முறை. இரண்டொருவராய்க் கூடி இதனைச் செய்யும் துணிவு அவர்களிடம் இருந்தது.

இவ்வாணிகத்தில் கொடுமை இல்லை என்று யாரும் கூறார். பிடிக்கப்பட்டவற்றுள் எத்தனையோ யானைகள் வழியிலும் கட்டுத்தறியிலும் மாண்டன. எனினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. யானை அரசுக்கே உரிய பொருள் என்ற நிலை அக்காலத்திருந்தது. கண்டி அரசிலும் இசைவின்றி யானையைக் கொல்லுதல் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. விலையுள்ள பொருளை விற்போர் அழிக்க விரும்பார். ஆதலின் யானைக்குலம் குன்றினும் அழியாதிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் பீரங்கியும் துப்பாக்கியும் இந்தியப் போர்க்களங்களில் மேலோங்க, போர்யானையின் தேவை குறைந்தது. யானையின் விலை வீழ்ந்தது. அதனோடு அதன் காப்பும் வீழ்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் நிகழ்ந்தது இந்நாட்டு யானைகளின் வரலாற்றில் மிகக் கொடிய பகுதியாகும். பயிரை அழிக்கும் விலங்கென யானையை மதித்த அரசாங்கம், கொல்லப்பட்ட ஒவ்வொரு யானைக்கும் சில சிலிங்குகள் பரிசளித்தது. குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனெந்து இதன் விளைவைக் கணக்கிட்டுத் தந்துள்ளார். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குட்பட்ட காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு பெறப்பட்டது. 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் மேலும் 2,000 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது. அந்நாளைய வடமாகாணம் நுவரகலாவியையும் உள்ளடக்கியிருந்ததாயினும், அழிவின் பெரும்பங்கு நாம் வாழும் இவ்வடபுலத்ததே என்பது மறுக்கவொண்ணாதது. பரிசுக்காகச் சுட்டவருடன் பொழுதுபோக்குக்காகச் சுட்டவரும் சேர்ந்தனர். மேஜர் உரொஜேர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைத் தாமே கொன்றார் என்று தெனெந்து கூறுவார். அவர் 1845இல் அப்புத்தளையில் இடியேறுண்டு மாண்டார். இவ்யானைகளுட் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமில்லை. எனவே பொருளாசை என்றுகூட இக்கொலைகளுக்குக் காரணங் கற்பித்தல் இயலாது. இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழி அக்காலத்தில் முற்றாகப் பொய்த்தது.

துப்பாக்கி யானையைக் கொன்றது. கோடரி அதன் இல்லத்தை அழித்தது. 1830ஆம் ஆண்டுகளின் பின் மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டன. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தபோதும் காடு மீளவில்லை. அவ்விடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. உயர்ந்த மலைச் சமவெளிகளிலும் கூட்டங்கூட்டமாய் உலவிய யானைகள் அங்கிருந்து மறைந்தன. ஈரவலயத்தில் சிங்கராசக் காட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க சில யானைகளே எஞ்சின. மலையையும் ஈரநிலத்தையும் இழந்த யானைக்கு வறண்ட வலயம் ஒன்றே புகலிடமாயிற்று.

அழிவின் அளவு தெரியவந்தபின் காப்பு முயற்சிகளும் தோன்றின. யானைகளைக் கட்டுப்பாடின்றிக் கொல்வதைத் தடுக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. அதனை நிறுவியோருட் பலர் தாமே வேட்டைக்காரராயிருந்தனர் என்பது வியப்புக்குரியது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இத்துறையில் அடிப்படையானது. 1938இல் யால, வில்பத்து ஆகியன தேசிய வனங்களாயின. அவ்வாண்டிலேயே ஆனையிறவுக்கு அண்மையிலுள்ள சுண்டிக்குளமும் சரணாலயமாயிற்று. அது 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 1949இல் வனவிலங்குத் திணைக்களம் தோன்றியது. 1950இல் பனாமுரையில் நடைபெற்ற யானைப்பிடிப்பே இந்நாட்டிற் கடைசியாக நிகழ்ந்ததாகும். அங்கு ஒரு களிறு சுட்டுக் கொல்லப்பட்டமை மக்கள் மனத்தைப் பெரிதும் வருத்தியது.

ஆயினும் சட்டம் யானையின் உடலைக் காத்ததேயன்றி, அதன் நிலத்தைக் காக்கவில்லை. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. 1970ஆம் ஆண்டுகளின் பின் மகாவலித் திட்டம் விரிந்தது. நாட்டுக்கு உணவளித்த இத்திட்டங்களின் தேவையை எவரும் குறைகூறார். ஆனால் மாரியில் மட்டும் பயிரேறிய நிலம், வாய்க்கால் நீரால் சிறுபோகத்திலும் பயிரேறலாயிற்று. கோடையில் யானைக்கு உணவளித்த தரிசு மறைந்தது. ஈடாக மதுரு ஓயா, வஸ்கமுவ முதலிய பூங்காக்கள் 1983, 1984ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்டன. யானைகளை அவற்றுள் விரட்டி மின்வேலியால் அடைத்துவிடின் சிக்கல் தீரும் என்று கருதப்பட்டது. நடந்தது வேறு. விரட்டுக்கு அஞ்சி உட்சென்றவை பெரும்பாலும் தாய் யானைகளும் கன்றுகளுமே. பயிரை அழிப்பதில் முன்னிற்கும் களிறுகள் வெளியிலேயே நின்றன. அடைபட்ட யானைகள் உணவின்றி என்பும் தோலுமாய் மெலிந்து மடிந்தமை லுணுகம்வெகரப் பூங்காவிற் காணப்பட்டது.

இன்றைய நிலைமையை எண்கள் காட்டும். 2011இல் நாடளாவிய கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. முற்கூறிய இரு மாகாணங்களில் ஏறத்தாழப் பதினோராண்டுக்குட் பரிசுக்காகக் கொல்லப்பட்டவை 5,500 என்பதை இதனோடு ஒப்பிடுக. 2011இல் எண்ணப்பட்ட குலம் முழுவதற்கும் ஏறக்குறைய ஒப்பானதொரு தொகை அன்று அழிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மக்களும் உயிரிழந்தனர். துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, உணவினுள் மறைத்துவைக்கப்படும் வாய்வெடி என்பன யானைகளைக் கொல்கின்றன. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அண்மையில் புகையிரதம் மோதி ஒரே இரவில் ஆறு யானைகள் மடிந்தன. இறந்த மக்களுட் பெரும்பாலோர் ஏழை உழவர். ஓராண்டு உழைப்பை ஓரிரவில் இழக்கும் உழவனை நோக்கி, யானையிடம் அன்பு கொள் என்று நகரத்திலிருந்து அறிவுரை கூறுதல் அறமன்று. அவன் பயிருக்குக் காப்பளிக்காத எத்திட்டமும் யானைக்கும் காப்பளியாது.

இவ்விடத்தில் அண்மைக்கால ஆராய்ச்சி நமக்கு வழிகாட்டுகின்றது. கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாந்து முதலியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் உலவுகின்றன. அந்நிலத்திற் பத்தில் ஏழு பங்கு மக்களும் குடியிருக்கும் நிலமாகும். அங்ஙனமாயின் யானைகள் அனைத்தையும் பூங்காவுள் அடைத்தல் இயலாத செயல். யானையை வேலியிட்டு அடைப்பதை விடுத்து, ஊரையும் வயலையும் வேலியிட்டுக் காப்பதே தக்கது என்பது அவர்தம் முடிபு. குருநாகல் மாவட்டத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் ஊரைச் சுற்றி நிலையான மின்வேலியும், வயலைச் சுற்றிப் பயிர்க்காலத்தில் மட்டும் வேலியும் அமைக்கப்பட்டன. அறுவடை முடிந்ததும் வயல்வேலி அகற்றப்படும். யானைகள் வந்து தாளை மேயும். வேலியைப் பேணுவோர் அவ்வூர் மக்களே. 2020இல் வகுக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டமும் இம்முறையைத் தழுவியது.

உற்றுநோக்கின் இது புதுமுறை அன்று. நம் முன்னோர் குளத்தோரத்திலும் சேனையிலும் பருவம் மாற்றி நிலத்தைப் பகிர்ந்துகொண்ட பழைய ஒழுங்கே மின்வேலியின் துணையுடன் மீண்டும் உருப்பெறுகின்றது. நெடிய போருக்குப் பின் 2009ஐ அடுத்து வன்னியில் மீளக்குடியேறிய மக்கள், தம் வயல்களிற் காடும் காட்டில் யானையும் நிறைந்திருக்கக் கண்டனர். குளங்களைத் திருத்தி, காணிகளை அளந்து, வீதிகளை அமைக்கும் இக்காலமே யானைவழிகளையும் குறித்து ஒதுக்குதற்கு உரிய காலம். வீடுகளும் கட்டடங்களும் எழுந்த பின்னர் வழியைத் தேடுதல் இருசாரார்க்கும் உயிரிழப்பாகவே முடியும்.

ஆனையிறவு, ஆனைக்கோட்டை, ஆனைவிழுந்தான், ஆனைப்பந்தி என நம் நிலம் யானையின் பெயரை நிறையச் சுமந்து நிற்கின்றது. குடாநாட்டில் அப்பெயர்கள் எஞ்ச யானை மறைந்துவிட்டது. வன்னியிலும் பெயர் மட்டும் எஞ்சும் நாள் வாராதிருத்தல் வேண்டும். அரசர்க்கும் வணிகர்க்கும் வேட்டைக்காரர்க்கும் யானை ஒவ்வொரு விலை பெற்றது. இன்று அதன் விலையைக் குறிக்கும் பொறுப்பு, நிலத்தை அளப்போரும் சட்டம் இயற்றுவோரும் ஆசிரியருமாக நாளை இந்நாட்டை நடத்தவிருக்கும் இளைஞர் கையில் உளது. உழவனின் உயிரும் யானையின் உயிரும் ஒருங்கே காக்கப்படும் வகையில் அவர்கள் அதனைக் குறிப்பார்களாக.