கொல்லிமலை மிளகும் புளியேப்ப மருந்துகளும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைச் சங்கப் புலவர்கள் வல்வில் ஓரியின் மலையாக அறிந்திருந்தனர். பிற்காலத்தார்க்கு அது சித்தர் மலை. கோரக்கர், காலாங்கிநாதர் பெயர்களைத் தாங்கிய குகைகளை இன்றும் காட்டுவர். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டுக்கும் சோளக்காட்டுச் சந்தைக்கும் செல்லும் பயணி மிளகும் முடவாட்டுக்கால் கிழங்கும் வாங்கிக்கொண்டே மலையிறங்குவார். மிளகு வயிற்றுக்கு நல்லதென்று அவருக்குச் சொல்லப்படும். எந்த வயிற்றுக்கு என்று நம் முன்னோராகிய மருத்துவர்கள் கேட்டிருப்பார்கள். அக்கேள்வியை நாம் மறந்துவிட்டோம் என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

நெஞ்செரிச்சல், புளியேப்பம், எதுக்களிப்பு எனத் தமிழர் பிரித்துப் பெயரிட்டு, முற்றிய நிலையைக் குன்மம் என்றனர். அதற்குரிய மருந்துகளின் பெயர்களிலேயே ஒரு நீண்ட கடற்பயண வரலாறு புதைந்து கிடக்கிறது. மிளகைக் குறிக்கும் ‘ஃபில்ஃபில்’ என்னும் அரபுச் சொல், பாரசீகத்தின் வழியே வந்த ‘பிப்பலி’தான். நம் திப்பிலியின் பெயர் கடல் கடந்தபோது மிளகின் மேல் ஏறிக்கொண்டது! திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் வரும் ‘ஸன்ஜபீல்’ என்னும் சொல்லைப் பிராகிருதம் வரை பின்தொடர்ந்து சென்ற மொழியறிஞர் பலர், அதன் வேரில் நம் ‘இஞ்சி வேர்’ இருப்பதாகக் கருதுகின்றனர். மலபார்த் துறைமுகங்களில் மிளகேற்றிய அரபு வணிகர் சரக்கை மட்டும் கொண்டு செல்லவில்லை. அதன் பயன்பாட்டு அறிவையும் உடன் கொண்டு சென்றனர். இராமதேவர் மக்கா சென்று யாக்கோபு ஆனார் என்னும் சித்தர் மரபுக் கதையை வரலாற்றுச் சான்றாக நாம் கொள்வதில்லை. ஆயினும் இக்கொடுக்கல் வாங்கலைத் தமிழ் மருத்துவ உலகம் தன் நினைவில் வைத்திருந்ததற்கு அது ஓர் அடையாளம்.

அபூபக்ர் அர்ராஸீ (மறைவு 925) எழுதிய நூல்களுள் ஒன்றின் பெயரே, மருத்துவர் அருகில் இல்லாதவருக்கான நூல் என்று பொருள்படும். எளிதில் கிடைக்கும் பொருள்களால் செய்துகொள்ளும் மருத்துவம் அது. நாம் கைவைத்தியம் என்று சொல்வதற்கு அறிஞர் ஒருவர் அளித்த உயர்ந்த மதிப்பு என்றே இதைக் கூற வேண்டும். சீரணத்துக்கான லேகியங்கள் யூனானியில் ‘ஜவாரிஷ்’ எனப்படும்; செரிக்கச் செய்வது என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. சீரகத்தை முதன்மையாகக் கொண்ட ஜவாரிஷ் கமூனீயில் சுக்கும் மிளகும் சேரும். நம் வீடுகளில் திரிகடுகும் சீரகமும் நிற்கும் அதே வரிசைதான்.

ஆனால் இம்மருந்தை எல்லா வயிற்றுக்கும் அவர்கள் கொடுக்கவில்லை. இப்னு ஸீனா (மறைவு 1037) உள்ளிட்ட கிரேக்க–அரபு மரபினர், ஏப்பத்தை இரண்டாகப் பிரித்தனர். ‘ஜுஷா ஹாமிள்’ எனும் புளியேப்பம் குளிர்ந்த வயிற்றின் குறி. அதற்கு மிளகும் இஞ்சியும். ‘ஜுஷா துகானீ’ எனும் புகையேப்பம் சூடேறிய வயிற்றின் குறி. அதற்கு ரோஜா, கொத்தமல்லி, தபாஷீர் முதலிய குளிர்ச்சிப் பொருள்கள். தபாஷீர் என்பது நம் மூங்கிலுப்பு. விசாகப்பட்டினத்திலிருந்த பாட்ரிக் ரஸ்ஸல் 1790இல் அதைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுத, மறு ஆண்டில் நடந்த வேதியியல் ஆய்வு அது பெரும்பாலும் சிலிக்கா என்று காட்டியது. அமிலத்தை முறிக்கும் ஆற்றல் அதற்கில்லை. சூடு, குளிர்ச்சி என்னும் பகுப்பையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும் எரியும் நெஞ்சுக்கு மிளகுக் கஷாயம் கொடுக்கலாகாது என்னும் முடிவில் பழையவரும் புதியவரும் ஒன்றுபடுகின்றனர். காரம் பலருக்கு எரிச்சலை மிகுவிக்கும். கொல்லிமலை மிளகு கலப்படமற்றது என்பதால் இவ்விதி மாறிவிடாது.

அமிலத்தை மெய்யாகவே முறிக்கும் மருந்தும் பழைய அலமாரியில் இருந்தது. சித்த மருத்துவர் குன்மத்துக்குத் தரும் சங்கு பற்பமும், யூனானியர் கையாளும் ‘ஸதஃப்’ என்னும் சிப்பியும் சுண்ணாம்புச் சத்துகளே. வயிற்றிலுள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று வில்லியம் பிரவுட் நிறுவி வெளியிட்டது 1824இல்தான். 1829இல் ஜேம்ஸ் மரே என்பவர் மெக்னீசியக் கரைசலைச் செய்தார். இன்று மருந்துக்கடையில் ஜெலூசில் கேட்டு வாங்குபவர், சங்கு பற்பம் உண்டவர் செய்த அதே வேலையை அலுமினிய, மெக்னீசிய உப்புகளால் செய்துகொள்கிறார். ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடிப்பதும் இவ்வகையே. ஆனால் அதில் சோடியம் மிகுதி. இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையோர் அதை விலக்க வேண்டும்.

இவற்றுக்குப் பின் வந்தவை அமிலச் சுரப்பையே குறைப்பவை: 1976இல் சிமெடிடின், 1981இல் ரானிடிடின், அப்பத்தாண்டின் இறுதியில் ஒமிப்ரசோல். ரானிடிடினில் புற்றுநோய்க்கு வாய்ப்பளிக்கும் மாசு காணப்பட்டதால் 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. இந்தியாவும் 2022ஆம் ஆண்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. வயிற்றுப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் என்னும் கிருமி காரணமாகலாம் என்று ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் கண்டு, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கிருமி இருக்குமாயின் அதற்கெனத் தனிச் சிகிச்சை வேண்டும். அமிலத்தை மட்டும் அடக்கும் மாத்திரை நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. கருமலம், இரத்த வாந்தி, விழுங்கத் தடை, காரணமற்ற மெலிவு ஆகியவை கைவைத்தியத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ‘வாயு’ என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்துக் காத்திருந்த நெஞ்சுவலி மாரடைப்பாக முடிந்த செய்தியைக் கேட்டிராத மஹல்லா நம்மில் ஏது?

வயிறு நோயின் வீடென்றும் பத்தியமே மருந்தின் தலையென்றும் பொருள்படும் ஒரு வாசகம் நபிமொழி என்றே மேடைகளில் ஓதப்படுகிறது. அது நபிமொழியன்று, தாயிஃபைச் சார்ந்த அரபு மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் கூற்று என்று இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) தெளிவுபடுத்தியுள்ளார். யார் கூற்றாயினும் அக்கால மருத்துவத்தின் முறைமை அதுவே: முதலில் உணவைத் திருத்துவது, பிறகே மருந்து. உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே உண்பதும், அரை வயிற்றோடு எழுவதும், உடல் எடையைக் குறைப்பதும் இன்றும் மருத்துவர் முதலில் கூறும் அறிவுரைகள். நாமோ பத்தியத்தை விட்டுவிட்டு லேகியத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கொல்லிமலையின் கதையும் ஏறத்தாழ இதுவே. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்துண்ட மலை அது. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி அந்நிலங்களில் பெருமளவு புகுந்தது; சோற்றுக்கு அரிசி கீழிருந்து வந்தது. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1950, 60களில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பிராங்க் டோவி, தீட்டிய அரிசியும் மரவள்ளியும் முதன்மை உணவான பகுதிகளில் முன்சிறுகுடல் புண் மிகுதி என்றும், தீட்டாத கோதுமையும் சில சிறுதானியங்களும் உண்ணும் பகுதிகளில் குறைவு என்றும் எழுதினார். கிருமியின் பங்கு பின்னர் தெரியவந்தது. அவர் கூறியது புண்ணைப் பற்றியதேயன்றி எல்லா நெஞ்செரிச்சலையும் பற்றியதன்று. ஆயினும் மலைமேல் நின்று மருந்து தேடுவோர் அங்கு விளைந்த உணவையும் ஒருமுறை நோக்கியிருக்கலாம்.

சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் கடும் உழைப்பு பெண்கள் தலையிலேயே விழுந்தது. அப்பயிர் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கு பணியாற்றி, பழைய விதைகளைச் சேர்த்ததோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களில் நிறுவ உதவியது. மகளிர் குழுக்கள் சாமை அரிசியைப் பொட்டலமிட்டு விற்கவும் தொடங்கின.