மலைக்காற்றும் சிப்பாயின் மனசும்

கொடைக்கானல் மருந்தாகக் கட்டப்பட்ட ஊர். 1821இல் பழனி மலையை அளந்த லெப்டினன்ட் வார்டு ஒரு ராணுவ அதிகாரி. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளிக் காய்ச்சலில் நொந்த வெள்ளை உடம்பு தேறவேண்டும் என்பதே நோக்கம். புத்தி பேதலித்த ஐரோப்பியச் சிப்பாய்க்கோ இந்தக் காற்று போதாது என்று, அவனைக் கப்பலேற்றி லண்டன் ஹாக்னியிலிருந்த பெம்புரோக் மாளிகைக்கு அனுப்பியது கம்பெனி. சரி, நம்மூர்ச் சிப்பாய்க்கு?

அவனுக்கு மலையுமில்லை, கப்பலுமில்லை. 1915இல் 'ஷெல் அதிர்ச்சி' என்ற சொல்லை மருத்துவ ஏட்டில் அறிமுகப்படுத்தினார் சார்லஸ் மையர்ஸ். அதே ஆண்டு பிரைட்டனில், கிச்சனர் இந்திய மருத்துவமனையின் தலைவர் புரூஸ் சீட்டன் இந்தியச் சிப்பாய்களின் 1000 காயங்களை ஆராய்ந்தார். எதற்கு? தன்னைத்தானே சுட்டுக்கொண்டானா என்று பார்ப்பதற்கு. சந்தேகத்துக்கு ஆதாரமில்லை என்பதே அவர் கண்ட முடிவு. காயத்தைத் திறந்து பார்த்தார்கள், குற்றத்தைத் தேடி. மனசைத் தேடவில்லை.

வெள்ளைக்காரன் போனபிறகும் இந்தப் பார்வை போகவில்லை. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 64ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயலும் சிப்பாயைத் தண்டிக்கச் சொன்னது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. ஆனால் அது பேசியது தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவைப் பற்றி மட்டுமே. ராணுவச் சட்டத்தின் பேச்சே அதில் இல்லை.

1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசித் துருப்புகள் சென்னையில் இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தில் நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்த மறுப்பின் நியாயம் புரியும். ஆனால் அதோடு நாமும் வாயை மூடிக்கொண்டோம். கொன்றவனின் மனநோயைப் பேசினால் கொல்லப்பட்டவர்களுக்குத் துரோகமில்லையா என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். போர்க்களத்து வன்முறை போர்க்களத்திலேயே நின்றுவிடுவதில்லை. யுத்தத்தின் காயம் குடும்பத்துக்குள்ளும் சமூகத்துக்குள்ளும் பரவுவதை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். குற்றத்துக்குப் பொறுப்பு கேட்பதும் நோய்க்கு மருந்து கேட்பதும் ஒன்றையொன்று ரத்து செய்பவை அல்ல.

ஓய்வுபெற்றவனுக்கு அரசு என்ன தந்தது? கேன்டீன் ரம் பல தலைமுறையாக உண்டு. முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் வந்தது 2003இல்தான். இடைப்பட்ட காலத்தில் அவனுடைய வார்டும் அவள்தான், நர்ஸும் அவள்தான், அடி வாங்கியவளும் அவள்தான்: அவன் பெண்டாட்டி. கீழ்மலையிலோ அடிவாரத்திலோ அவள் அழுதால், "பட்டாளத்துக்காரன் கோபம், அப்படித்தான் இருக்கும் விடும்மா" என்று ஊர் சமாதானம் சொல்லும். எந்த ரெஜிமென்ட் வரலாறும் அவளிடம் கேட்கவில்லை. நாம் எழுதப்போகும் வரலாறாவது முதலில் அவளிடம் போய்க் கேட்கட்டும்.